திடலுக்குள் வந்த குழந்தை விளையாடுகிறதா? மேஜிக்கல் பிரிட்ஜ்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ நகரத்து மிட்செல் பூங்காவுக்குள், 2015 ஏப்ரலில் மேஜிக்கல் பிரிட்ஜ் என்ற சிறுவர் விளையாட்டுத் திடல் திறக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒரே இடத்தில், ஒரே கருவியில், ஒரே நேரத்தில் விளையாட வேண்டும் என்ற நோக்கத்துக்காகவே வரையப்பட்ட திடல் இது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊரின் மற்ற பூங்காக்களைப் போல இதுவும் பொதுப் பூங்காவின் ஒரு பகுதிதான்.

இந்தத் திடல் தொடங்கிய கதையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஒலென்கா வில்லாரியல் என்ற தாய்க்கு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு மகள். ஊஞ்சலாடுவது அந்தக் குழந்தைக்கு மிகவும் நல்லது என்று சிகிச்சையாளர்கள் சொன்னார்கள். ஊரின் பூங்காக்களில் தேடிப் பார்த்தார். அவளால் பாதுகாப்பாக உட்கார்ந்து ஆடக்கூடிய ஊஞ்சல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பணத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் அது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 1990 முதலே நடப்பில் இருக்கும் நாடு அது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஊஞ்சலுக்கு வழியில்லை. நகர நிர்வாகம் நிலம் கொடுத்தது. மீதிப் பணத்துக்குத் தன்னார்வலர்கள் வீடு வீடாகவும் நிறுவனம் நிறுவனமாகவும் அலைந்தார்கள். ஏறக்குறைய 40 லட்சம் டாலர் செலவில் திடல் எழும்புவதற்கு ஏழாண்டு ஆயிற்று.

சட்டம் இருந்தும் ஏன் அந்த ஊஞ்சல் இல்லை? இந்த ஆய்வின் மையக் கேள்வி இதுதான். என் பதில்: சட்டம் கேட்பது குழந்தை அந்த இடத்தைச் சென்றடைய முடிகிறதா என்று. சென்றடைந்த பிறகு அங்கே என்ன செய்யும், யாரோடு செய்யும், மூச்சிரைக்க ஓடியாட முடியுமா என்பதைச் சட்டத்தால் அளக்க முடியவில்லை. அந்த இடைவெளியை வடிவமைப்பாளர்கள்தான் நிரப்ப வேண்டும். மேஜிக்கல் பிரிட்ஜ் அதை எங்கெங்கே நிரப்பியிருக்கிறது, எங்கே இன்னும் கேள்வி மிச்சமிருக்கிறது என்று பார்ப்போம்.

சட்டப்படி எல்லாம் சரி

அமெரிக்காவில் விளையாட்டுத் திடல்களுக்கென்றே தனி அளவுகளை அந்நாட்டு அணுகல் வாரியம் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. அவை அந்த உரிமைச் சட்டத்தின் 2010 தரநிலைகளில் சேர்க்கப்பட்டு, 2012 மார்ச் 15 முதல் கட்டாயமாயின. தரைமட்டப் பாதையின் அகலம் குறைந்தது 60 அங்குலம். சரிவு 16க்கு 1 என்ற அளவை மீறக்கூடாது. மேடைகளுக்கு ஏறும் சாய்தளம் 12க்கு 1 வரை இருக்கலாம். ஒரே ஓட்டத்தில் 12 அங்குலத்துக்கு மேல் ஏறக்கூடாது. அதற்கப்புறம் ஓய்ந்து நிற்கச் சமதளம் வேண்டும். மேடைமீது 20 அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டு உறுப்புகள் இருந்தால் குறைந்தது கால் பங்குக்காவது சாய்தளம் செல்ல வேண்டும். அதைவிடச் சிறிய அமைப்பென்றால் சாய்தளமே தேவையில்லை. சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்காரும் ஒரு மேடை போதும்.

நல்ல விதிகள்தான். இவை வருவதற்கு முன்னால் இருந்த நிலையை நினைத்தால் நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மாறும் மேடையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து 11 முதல் 18 அங்குல உயரத்தில் ஒரு பலகை. குழந்தை தன் நாற்காலியை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக்கைப் பூட்டுகிறது. ஒரு கையைப் பலகையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, நகர்ந்து உட்காருகிறது. பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துப் பலகைமேல் வைக்கிறது. அடுத்து, ஒவ்வொன்றும் எட்டு அங்குல உயரத்துக்குள் இருக்கும் படிகள். முதுகைப் படிகளின் பக்கம் திருப்பி, உள்ளங்கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக உடம்பை மேலே தூக்க வேண்டும். அதே படிகளில் மற்றப் பிள்ளைகள் தடதடவென்று ஓடி ஏறுகிறார்கள். இதன் விரல்களுக்குப் பக்கத்தில் அவர்களுடைய செருப்புகள் விழுகின்றன. எல்லாவற்றையும் தாண்டி மேலே போய், சறுக்குமரத்தில் உட்கார்ந்து, இறங்கிவிடுகிறது. இறங்கிய இடம் தரை. நாற்காலி மறுபக்கத்தில், பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பின்னால் அடுத்த பிள்ளை சறுக்கிக்கொண்டு வந்து முதுகில் இடிக்கிறது.

கை வலுவுள்ள பத்து வயதுக் குழந்தைக்கு இது ஒரு சவாலாக, பெருமையாகக்கூட இருக்கலாம். தசைச்சிதைவு உள்ள குழந்தைக்கு, மூளை முடக்குவாதத்தால் கைகளும் இறுகிப்போன குழந்தைக்கு, இது நடக்கிற காரியமில்லை. ஆனாலும் அளவுநாடாவோடு வரும் ஆய்வாளர் எல்லாக் கட்டங்களிலும் சரி என்று குறித்துவிட்டுத்தான் போவார்.

மேடும் சறுக்கும்

மேஜிக்கல் பிரிட்ஜ் இந்த இடத்தில் வேறு வழியை எடுத்தது. தனியாக நிற்கும் கோபுரத்தின் உச்சியில் சறுக்குமரத்தை வைக்காமல், நிலத்தையே மேடாக்கி அதன் சரிவில் சறுக்குகளைப் பதித்தார்கள். மேட்டைச் சுற்றி ஏறும் பாதையிலேயே நடப்பவரும் உருள்பவரும் சேர்ந்து போகிறார்கள். இதற்கான கணக்கு எளிது, செலவுதான் பெரிது: 12க்கு 1 சரிவில் ஒரு மீட்டர் உயரம் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும், நடுவில் சமதளங்கள் தனி. இரும்பிலும் பலகையிலும் இதைக் கட்டினால் சாய்தளமே திடலை விழுங்கிவிடும். மண்மேடாக அமைத்தால் ஏறும் வழியும் விளையாட்டாகிவிடுகிறது. அங்குள்ள இரண்டடுக்கு மரவீட்டுக்கும் சக்கர நாற்காலியில் போக முடியும்.

சறுக்கின் அடியில் அவர்கள் வைத்த ஓர் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இறங்கி வந்த குழந்தை உடனே எழுந்து விலக முடியாவிட்டால், ஓட்டத்துக்கு வெளியே நகர்ந்து உட்கார ஓர் அகலமான இடம். நாற்காலியையோ நடைச்சட்டத்தையோ யாராவது கொண்டுவரும் வரை, யார் வழியையும் மறிக்காமல், யார் காலிலும் மிதிபடாமல் அங்கே இருக்கலாம். கண்ணியத்தோடு இறங்கும் இடம் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த விதிப்புத்தகமும் கேட்காத சில சதுர அடிகள் அவை. ஒரு குழந்தை சறுக்கை இரண்டாம் முறை கேட்குமா, கேட்காதா என்பதை அந்தச் சதுர அடிகள் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

சறுக்கைப் பற்றி இன்னொன்று. பிளாஸ்டிக் சறுக்கில் உடம்பு உராயும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. மற்றவர்களுக்கு அது ஒரு சுளீர், அவ்வளவுதான். காது கேட்க உதவும் கோக்ளியர் கருவி பொருத்திய குழந்தைக்கு அந்தப் பொறி கருவியின் நிரலைக் குலைக்கக்கூடும். புதிய கருவிகளில் தடுப்பு மேம்பட்டிருந்தாலும், வெளிப்புறக் கருவியைக் கழற்றிவிட்டுச் சறுக்குமாறு பெற்றோருக்குச் சொல்லும் வழக்கம் உண்டு. கழற்றினால் குழந்தைக்கு எதுவும் கேட்காது. பின்னால் வருபவர் கத்துவதும் கேட்காது. உலோகச் சறுக்கிலும், சிறு உருளைகளை வரிசையாகப் பதித்த சறுக்கிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உலோகம் வெயிலில் கொதிக்கும். ஆகவே நிழலில் ஓர் உலோகச் சறுக்கும், வேறிடத்தில் ஒரு பிளாஸ்டிக் சறுக்கும் என்று கலந்து வைப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது. எல்லோருக்கும் ஒரே கருவி என்ற கொள்கை காகிதத்தில் அழகாக இருக்கும். குழந்தைகளின் உடல்கள் அப்படி இல்லை.

தரை: கண்ணுக்குத் தெரியாத பெருஞ்செலவு

திறப்பு விழாப் புகைப்படங்களில் ஊஞ்சலும் சறுக்கும்தான் தெரியும். ஒரு திடலைக் கெடுப்பதும் காப்பதும் தரைதான். விழுகிற குழந்தைக்குத் தரை மெத்தென்று இருக்க வேண்டும். உருள்கிற சக்கரத்துக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று மோதும் இரண்டு தேவைகள். அமெரிக்கத் தரநிலைகளில் இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை இருக்கிறது. ஒன்று, தலை போன்ற ஓர் உருவை உயரத்திலிருந்து போட்டு, மோதலின் தாக்கம் வரம்புக்குள் இருக்கிறதா என்று அளப்பது. மற்றொன்று, தரையில் சக்கர நாற்காலியை நேராகவும் திருப்பியும் ஓட்டுவதற்குச் செலவாகும் உழைப்பை, 14க்கு 1 சரிவுள்ள கெட்டியான சாய்தளத்தில் ஏற ஆகும் உழைப்போடு ஒப்பிடுவது. இதைத் தாண்டினால் தரை தோற்றது.

மரச்சீவல், ரப்பர் ஓடுகள், ஊற்றி உறையவைத்த ரப்பர், இவற்றின் கலவைகள் எனப் பல வகைத் தரைகளை இந்தியானா பல்கலைக்கழகத்தின் தேசிய அணுகல் மையம் 2008 தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அறிக்கை 2013இல் வந்தது. குறையற்ற தரை என்று ஒன்றும் இல்லை என்பது அதன் முடிவு. போட்டு ஓராண்டுக்குள்ளாகவே ஒவ்வொரு வகையிலும் ஏதாவது ஒரு பழுது தலைகாட்டியது. தொடக்கத்தில் மலிவாக இருக்கும் மரச்சீவலுக்குத்தான் பராமரிப்பு அதிகம் தேவைப்பட்டது. ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கின் வாயிலும் பிள்ளைகளின் கால்கள் அதைத் தள்ளித் தள்ளிப் பள்ளமாக்குகின்றன. சக்கரம் முதலில் புதைவதும் அதே இடங்களில்தான். சக்கரத்துக்கு ஏற்றதாக இருந்த சில தரைகள் விழும் குழந்தைக்கான சோதனையில் தேறவில்லை என்பதையும் அந்த ஆய்வு கவனித்தது.

ஊற்றி உறையவைத்த ரப்பரைத்தான் இன்று எல்லோரும் விரும்புகிறார்கள். அதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடர்நிற ரப்பர் வெயிலில் கடுமையாகச் சூடாகும். ஸ்பைனா பிஃபிடா போன்ற தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே தொடு உணர்வு குறைவு. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் தவழ்ந்து விளையாடும்போது தொடை வெந்துபோவது அதற்குத் தெரியாது. மாலையில் உடை மாற்றும்போதுதான் அம்மாவுக்குத் தெரியவரும். நிழலை அலங்காரச் செலவாகக் கருதி, பணம் போதாதபோது முதலில் வெட்டுகிறார்கள். தரையைத் தொட்டு விளையாடும் குழந்தைக்கு நிழலும் தரையின் ஒரு பகுதிதான்.

ஊஞ்சல் யாருடைய வரிசையில் இருக்கிறது?

ஊஞ்சலை ஏன் சிகிச்சையாளர்கள் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்? உட்காதில் இரண்டு வகை உணர்வுறுப்புகள் இருக்கின்றன. அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை அறிகின்றன. அவற்றோடு சேர்ந்த சிறு பைகள் முன்பின் அசைவையும் ஈர்ப்பின் திசையையும் அறிகின்றன. ஓடி, குதித்து, குட்டிக்கரணம் போடும் குழந்தைக்கு இந்த உணர்வுகள் நாள் முழுக்கத் தாமாகவே கிடைத்துக்கொண்டிருக்கும். பெரும்பகுதி நேரம் நாற்காலியில் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அவை கிடைப்பதில்லை. யாராவது அதை ஆட்டினால்தான், சுழற்றினால்தான் உண்டு. ஊஞ்சல் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் ஓட்டம், குதிப்பு, எல்லாம்.

இதற்கு மூன்று விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதுகும் பக்கங்களும் தாங்கி, மார்பைப் பிடிக்கும் பட்டை வைத்த இருக்கை ஊஞ்சல். மேஜிக்கல் பிரிட்ஜில் ஊஞ்சல் பகுதியில் இத்தகைய இருக்கைகள் இருக்கின்றன. இரண்டாவது, பெரிய வட்டமான கூடை ஊஞ்சல். மூன்றாவது, சக்கர நாற்காலியோடு ஏறி ஆடும் மேடை ஊஞ்சல். ஆஸ்திரேலியாவில் பரவலாக நிறுவப்பட்ட லிபர்ட்டி ஸ்விங் இந்த வகை.

மூன்றாவதைப் பார்த்தவுடன் மனம் பூரித்துப்போகும். நன்கொடையாளர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் நாற்காலியோடு சேர்த்து ஆடும் அத்தனை எடை, குறுக்கே ஓடிவரும் சிறு குழந்தையின் தலையில் பட்டால் என்ன ஆகும்? அதனால் சுற்றிலும் வேலி போடுகிறார்கள், கதவுக்குப் பூட்டு வைக்கிறார்கள், சாவியை வேறெங்கோ வாங்கி வர வேண்டியிருக்கிறது. கடைசியில் அந்தக் குழந்தை வேலிக்குள் தனியாக ஆடுகிறது; மற்றவர்கள் வெளியே நின்று பார்க்கிறார்கள். அண்ணன் தங்கை சேர்ந்து ஆட வழியில்லை. தூக்கி வேறிடத்தில் உட்காரவைக்கவே முடியாத குழந்தைகள் உண்டு. எலும்பு எளிதில் முறிபவர்கள், மூச்சுக்கருவியோடு இருப்பவர்கள். அவர்களுக்கு அது ஒன்றுதான் ஊஞ்சல், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரே ஓர் ஊஞ்சலுக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், கூடை ஊஞ்சல் என்றுதான் சொல்வேன். உட்கார முடியாத குழந்தை அதில் படுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் தங்கை படுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒரு பிள்ளை, பெயர் தெரியாத பிள்ளை, ஓடிவந்து ஏறிக்கொள்ளும். ஆட்டிவிட யாரையும் தேட வேண்டியதில்லை. வரிசையில் காத்திருப்பவர்களே ஆட்டுவார்கள், தங்கள் முறை சீக்கிரம் வரட்டும் என்பதற்காகவாவது.

எந்த ஊஞ்சலானாலும் அது மற்ற ஊஞ்சல்களின் வரிசையிலேயே இருக்க வேண்டும். மூலையில் தனிச் சட்டத்தில் மாட்டினால், அது சிகிச்சைக் கருவியாகிவிடுகிறது.

சுழலும் கருவிக்கும் இதே கேள்விதான். மேஜிக்கல் பிரிட்ஜில் சுழல்மேடை தரையோடு தரையாகப் பதிந்திருக்கிறது; நாற்காலி நேராக உருண்டு ஏறலாம். நடுவில் வேகம் குறைவாகவும் விளிம்பில் அதிகமாகவும் இருப்பதால், பிடிமானம் குறைந்தவர்கள் நடுவிலும் தைரியசாலிகள் ஓரத்திலும் உட்கார்ந்து ஒரே சுற்றில் சுற்றலாம். தரைமட்டத்தில் இருப்பதால் நாற்காலியில் இருக்கும் குழந்தை வெளியே நின்று மற்றவர்களைச் சுற்றிவிடவும் முடியும். இதைப் பலர் கவனிப்பதில்லை. எப்போதும் தள்ளப்படுபவராகவே இருந்த ஒருவருக்கு, மற்றவர்களைச் சுழற்றிக் கத்தவைக்கும் அதிகாரம் கிடைப்பது சாதாரண விஷயமா?

ஒதுங்க ஓர் இடம்

சக்கர நாற்காலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் குழந்தைகளை விட்டுவிடுவோம். ஆட்டிசம் உள்ள குழந்தை சட்டம் சொல்லும் எந்தப் பாதையிலும் தடையின்றி ஓடிவரும். ஆனால் கூச்சலும் நெரிசலும் மேலிடும்போது விளையாட்டு நின்றுபோய் அழுகை தொடங்கும். மேஜிக்கல் பிரிட்ஜின் திட்டத்தில் விளையாட்டுகள் வகை வாரியாகப் பிரிந்திருக்கின்றன: ஊஞ்சல் ஓரிடம், சுழற்சி ஓரிடம், சறுக்கு ஓரிடம், இசை ஓரிடம், கைக்குழந்தைகள் ஓரிடம். எங்கே போனால் என்ன நடக்கும் என்பது குழந்தைக்கு முன்கூட்டியே தெரியும். நடுநடுவே நுழைந்து ஒடுங்கிக்கொள்ளச் சிறு கூடுகளும் இருக்கின்றன. அவை விளையாட்டுக்கு நடுவிலேயே இருப்பது முக்கியம். திடலின் கோடியில் அமைதி அறை வைத்தால், அங்கே போன குழந்தை திரும்பி வருவதற்குள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும். கூட்டுக்குள் இருந்தபடியே வெளியே நடப்பதைப் பார்க்க முடிந்தால், அழுகை ஓய்ந்ததும் அதுவே எட்டிப்பார்த்து வெளியே வரும்.

இசைப் பகுதியில் கலைஞர் ஜென் லெவின் உருவாக்கிய ஒளியாழ் இருக்கிறது. ஒளிக்கற்றையைக் குறுக்கே மறித்தால் ஒலி எழும். கையாலும் மறிக்கலாம், தலையாலும், சக்கரத்தாலும். நரம்பை மீட்ட விரல்கள் வேண்டும் என்ற நிபந்தனையே அங்கே இல்லை.

பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்குச் செய்ய வேண்டியவை செலவில் சிறியவை: ஊஞ்சல் வட்டத்துக்கு முன்னால் காலுக்குத் தெரியும்படி தரையின் தன்மை மாறுவது, படி விளிம்புகளில் பளிச்சென்ற நிற வேறுபாடு, ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஓசை. வரைபடக் கட்டத்திலேயே சேர்த்துவிட்டால் இவற்றுக்கு ஏறக்குறைய பணமே ஆகாது. கட்டி முடித்தபின் சேர்க்கப் போனால் யாரும் சேர்ப்பதில்லை.

மூச்சிரைக்க வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டியில் முதன்முறையாக மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பரிந்துரைகள் இடம்பெற்றன. 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கம் வேண்டும் என்கிறது அது. மற்றக் குழந்தைகளுக்குச் சொன்ன அதே அளவு.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பல திடல்கள் ஏமாற்றமளிக்கின்றன. சாய்தளம் அழகாக ஏறிப்போகும்; உச்சியில் ஒரு விளையாட்டு ஸ்டீயரிங்கும் எழுத்துகள் சுழலும் பலகையும் இருக்கும். அங்கே பாதை முடிந்துவிடும். சக்கர நாற்காலிக் குழந்தைக்கு விரல் விளையாட்டு மட்டும் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்? அதன் இதயமும் நுரையீரலும் தோள்களும் வேலை கேட்கின்றன. சாய்தளம் முட்டுச்சந்தாக நிற்காமல் சுற்றி வந்து இறங்கினால் அதுவே ஓட்டப்பாதை. முழங்கை விறைக்கத் தள்ளி ஏறி, மறுபக்கம் காற்றாய் இறங்கி, மறுபடியும் ஏறலாம். மேடைப் பாதைக்குச் சட்டம் கேட்கும் குறைந்த அகலம் 36 அங்குலம். ஒரு நாற்காலி மட்டும் போகும். ஓட்டப்பந்தயத்துக்கு இரண்டு பேர் வேண்டாமா? அதை 60 அங்குலமாக்கினால் துரத்திப் பிடிக்கும் விளையாட்டும் அங்கே பிறந்துவிடும்.

அடுத்தது ஆபத்தைப் பற்றிய பயம். லண்டனின் செல்சியில் 1970இலேயே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கென்று ஒரு சாகச விளையாட்டுத் திடல் திறந்தது. அதன் பின்னால் நின்றவர் நிலவடிவமைப்பாளர் மார்ஜரி ஆலன். இந்தக் குழந்தைகளுக்கும் மண்ணும் தண்ணீரும் ஏறுவதும் விழுவதும் உரிமை என்பது அவருடைய நிலைப்பாடு. பின்னாளில் சிட்னியில் அனிதா பண்டியும் சக ஆய்வாளர்களும் பள்ளித் திடல்களில் டயர், பெட்டி, தார்ப்பாய் போன்ற விளையாட்டுச் சாமான் அல்லாத பொருள்களைப் போட்டுவைத்து ஆராய்ந்தார்கள். பிறகு அதை மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார்கள். அவர்களுடைய திட்டத்தில் பொருள்கள் பாதிதான். மறுபாதி, ஆசிரியர்களையும் பெற்றோரையும் உட்காரவைத்து அவர்களுடைய அச்சத்தைப் பேசித் தீர்ப்பது. இது மிகச் சரியான இடத்தில் கைவைத்த முயற்சி. இந்தக் குழந்தைகளைச் சுற்றி எப்போதும் பெரியவர் ஒருவர் நிற்கிறார். பாசத்தோடுதான் நிற்கிறார். ஆனால் நாற்காலியைத் தள்ளுவது அவர், பந்தை எடுத்துத் தருவது அவர், இன்னொரு குழந்தை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதும் அவர். விளையாட்டு அவருக்கும் அந்த இன்னொரு குழந்தைக்கும் இடையே நடந்து முடிகிறது.

மேஜிக்கல் பிரிட்ஜில் தன்னார்வ இளைஞர்கள் திடலில் நின்று, புதியவர்களை வரவேற்று, குழந்தைகளை ஒருவரோடொருவர் சேர்த்துவிடுகிறார்கள். வாடிக்கையாக அம்மாக்கள் செய்யும் வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளை செய்யும்போது, அம்மா பெஞ்சில் போய் உட்கார முடிகிறது. அப்படி உட்கார இடமும், அங்கிருந்து திடல் முழுவதும் தெரிவதும், சாலைக்கு ஓடிவிடாதபடி வேலியும் இருந்தால்தான் அவர் மனம் அடங்கும். கான்கிரீட்டை மட்டும் பார்த்துத் திடலை மதிப்பிடுபவர்கள் இந்தப் பகுதியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்த நிகழ்வு எதை நிரூபிக்கவில்லை

திடலில் கூட்டம் நிறைகிறது, இதே பெயரில் ரெட்வுட் சிட்டி உள்ளிட்ட வேறு ஊர்களிலும் திடல்கள் வந்துவிட்டன. இவை வெற்றிக்கு அடையாளங்கள். ஆனால் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அங்கே முன்பைவிட எவ்வளவு அதிகமாக விளையாடுகிறார்கள், யாரோடு விளையாடுகிறார்கள் என்பது வேறு கேள்வி. அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஹெலன் லிஞ்சும் சக ஆய்வாளர்களும், அனைவருக்குமான வடிவமைப்பு பொதுத் திடல்களில் விளையாட்டையும் சேர்ந்திருத்தலையும் வளர்க்கிறதா என்று கிடைத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். போதிய ஆதாரம் இன்னும் சேரவில்லை என்பதுதான் தெரியவந்தது. நம்பிக்கையில் கட்டிக்கொண்டிருக்கிறோம். நல்ல நம்பிக்கைதான், ஆனாலும் அளந்து பார்க்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. மேஜிக்கல் பிரிட்ஜுக்குச் செலவான 40 லட்சம் டாலரை எத்தனை நகரங்களால் திரட்ட முடியும்? திரட்டினாலும் ஊருக்கு ஒன்றுதான் கட்டுவார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் கோர்டன் ஹார்ட்மேன் 2010இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் இன்னும் பெரியது. கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் 25 ஏக்கரில் எழும்பியது. 2017இல் அதோடு ஒரு நீர்ப்பூங்காவும் சேர்ந்தது. மின்சார நாற்காலி தண்ணீரில் நனையக்கூடாது என்பதால், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அழுத்தக் காற்றில் ஓடும் நாற்காலியை உருவாக்கி அங்கே வைத்தார்கள். அற்புதமான முயற்சி. மனதார வணங்குகிறேன். ஆனால் அது ஒரு சுற்றுலா. குழந்தை வருடத்தில் ஒரு நாள் போகும்.

உலகெங்கும் சுமார் 24 கோடி மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் இருப்பதாக யுனிசெஃப் 2021இல் கணக்கிட்டது. நாளொன்றுக்கு 60 நிமிடம் என்பது இவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்? காரில் முக்கால் மணி நேரம் போய்ச் சேரும் ஒரு பெரிய திடலிலிருந்து கிடைக்காது. தெருமுனைப் பூங்காவில், பள்ளி விட்டு வரும் வழியில்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு விளையாட்டில் மற்றக் குழந்தைகளுக்குச் சமமான வாய்ப்பைக் கேட்கிறது. மற்றக் குழந்தைகளுக்குத் தெருமுனையில் திடல் இருக்கும்போது, இவர்களுக்கு ஊரின் மறுகோடியில் ஒன்று என்பது சமம் ஆகாது. ஊரில் ஒரு பெரிய திடல் கட்டிவிட்டால், மீதிப் பூங்காக்களைச் சீரமைக்க வேண்டியதில்லை என்று நிர்வாகங்கள் கைகழுவிவிடக்கூடும். அந்தச் சாக்குக்கு இடம் கொடுக்கக்கூடாது.

எனவே பணம் குறைவாக உள்ள இடத்தில் இந்த வரிசையில் செலவு செய்யச் சொல்வேன். முதலில் வாசலிலிருந்து விளையாட்டு நடக்கும் நடுப்பகுதி வரை கெட்டியான தரை, கூடவே நிழல். அடுத்து, இருக்கிற ஊஞ்சல் வரிசையிலேயே ஒரு கூடை ஊஞ்சல். அதன்பின் தரையோடு பதிந்த சுழல்மேடை. நிலம் மேடுபள்ளமாக இருந்தால் அதைச் சமப்படுத்தாமல், அந்த மேட்டிலேயே ஓர் அகலமான சறுக்கும் அடியில் ஒதுங்கி உட்கார இடமும். இவற்றைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அந்தத் தெருவின் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளே இருக்க வேண்டும். பெற்றோர் மட்டும் வந்தால் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்கள், குழந்தைகள் வந்தால் உயரத்தையும் வேகத்தையும் கேட்பார்கள். கட்டி ஆறு மாதம் ஆனபின், ஒரு சக்கர நாற்காலியோடு திடலுக்குப் போய் ஊஞ்சலின் அடியிலும் சறுக்கின் வாயிலும் தரை பள்ளமாகியிருக்கிறதா என்று உருட்டிப் பார்க்க வேண்டும். பள்ளத்தை நிரப்பும் ஆளுக்கான சம்பளம் முதல் நாள் மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.